ஐரோப்பாவில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அதிகமா? எண்ணிக்கைதான் பிரச்சினையா?

வாசகர் கேள்வி, 2025 அக்டோபர் 16

பிரான்சில் எஸ்.எஃப்.ஆர் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பெரும்பகுதியை மற்ற மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 1,700 கோடி யூரோவுக்குக் கேட்டிருக்கின்றன. உரிமையாளரான ஆல்டிஸ் உடனே மறுத்துவிட்டது. அமெரிக்காவில் மூன்று மொபைல் நிறுவனங்கள், சீனாவில் நான்கு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 34. இப்படிச் சிதறிக் கிடந்தால் யார் முதலீடு செய்வார்கள்? சேர விடுவதுதானே ஒரே வழி? ஜெர்மனியில் இதே துறையில் இருக்கும் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அக்டோபர் 16, இரவு

34 என்பது முன்னாள் இத்தாலியப் பிரதமர் மரியோ திராகி ஐரோப்பாவின் போட்டித்திறன் பற்றி 2024 செப்டம்பரில் கொடுத்த அறிக்கையில் இருக்கும் எண். அதற்குச் சில மாதம் முன்பு, இன்னொரு முன்னாள் இத்தாலியப் பிரதமரான என்ரிக்கோ லெட்டாவின் அறிக்கை இன்னொரு கணக்கு சொன்னது: ஒரு ஐரோப்பிய நிறுவனத்துக்குச் சராசரியாக 50 லட்சம் வாடிக்கையாளர்கள், அமெரிக்காவில் 10.7 கோடி, சீனாவில் 46.7 கோடி. இந்த இரண்டு கணக்கும் இப்போது எல்லா மாநாட்டு மேடையிலும் ஏறிவிட்டன.

ஆனால் டுசல்டார்ஃபில் நான் சிம் வாங்கப் போனால் என் முன்னால் 34 பேர் நிற்பதில்லை. சொந்த நெட்வொர்க் வைத்திருப்பவர்கள் நான்கு பேர்: டாய்ச் டெலிகாம், வோடஃபோன், டெலிஃபோனிகாவின் ஓ2, 1&1. லிஸ்பனில் இருக்கும் நிறுவனம் என்னிடம் விற்க வரப்போவதில்லை. 27 நாடுகளில் தலா மூன்று, நான்கு பேர் இருப்பதைக் கூட்டி, ஒரே குழுமத்தைச் சேர்ந்தவற்றை ஒன்றாக எண்ணினால் 34 வருகிறது. வாங்குபவரின் கண்ணில் அது எப்போதும் மூன்று அல்லது நான்குதான். அமெரிக்காவுக்கும் அதே மூன்று.

அதனால் எஸ்.எஃப்.ஆர் விஷயத்தில் நடப்பது, 34ஐ 33 ஆக்கி ஐரோப்பாவை ஒன்றுசேர்க்கும் வேலை இல்லை. பிரான்ஸ் நாட்டுக்குள் நான்கை மூன்றாக்கும் வேலை. இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

அக்டோபர் 17, காலை

நேற்று எழுதியதோடு இதையும் சேர்க்க வேண்டும். எல்லை தாண்டி நிறுவனங்கள் சேர்வதை யாரும் தடுக்கவில்லை. டாய்ச் டெலிகாம் கிரீஸ், ஹங்கேரி, குரோஷியா, போலந்து எல்லாவற்றிலும் இருக்கிறது. பிரான்சின் ஆரஞ்சு நிறுவனம் போலந்திலும் ருமேனியாவிலும் இருக்கிறது. தடை இல்லாமலேயே இது பெரிதாக வளராததற்குக் காரணம் லாபக் கணக்கு. ஏதென்ஸில் ஒரு டவரும் பெர்லினில் ஒரு டவரும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தால் எந்த டவரையும் கழற்ற முடியாது. அலைக்கற்றை ஒவ்வொரு நாடும் தனித்தனியாக விற்பது. மிச்சமாவது கொள்முதல் தள்ளுபடியும் தலைமை அலுவலகச் செலவும் மட்டும். அதே ஊரில் இரண்டு நெட்வொர்க் ஒன்றானால் பாதி டவரைக் கழற்றலாம், கடைகளை மூடலாம், விலையையும் ஏற்றலாம். பணம் போகும் திசை அதுதான்.

அக்டோபர் 19

"விலை ஏறும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்ட தம்பிக்கு. நடந்ததையே சொல்கிறேன்.

ஆஸ்திரியாவில் 2012 கடைசியில் ஹட்சிசனின் த்ரீ நிறுவனத்துக்கு, ஆரஞ்சு ஆஸ்திரியா நிறுவனத்தை வாங்க அனுமதி கிடைத்தது. நான்கு மூன்றானது. பின்னால் விலை ஏறியதை அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையமும் போட்டி ஆணையமும் தனித்தனியாக ஆராய்ந்து 2016இல் அறிக்கை வெளியிட்டன.

எதிர்த்திசையில் பிரான்ஸ். நான்காவது உரிமம் 2009 டிசம்பரில் 24 கோடி யூரோவுக்கு ஃப்ரீ நிறுவனத்துக்குப் போனது. 2012 ஜனவரி 10 அன்று ஃப்ரீயின் நிறுவனர் சேவியே நியல் மேடையேறி, வரம்பில்லாத பேச்சு மாதம் 19.99 யூரோ, சின்னத் திட்டம் 2 யூரோ என்றார். அதுவரை இதைப்போல இரண்டு மடங்கு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் சில வாரங்களில் இறங்கி வந்தார்கள். அப்போது பாரிஸில் படித்துக்கொண்டிருந்த என் நண்பன் வீட்டுக்கு அடிக்கடி போவேன். அந்த அறையில் இருந்த எல்லாரும் அந்த மாதமே மாறினார்கள். மாணவருக்கும் புதிதாக வந்து இறங்கிய தொழிலாளிக்கும் மாதம் இருபது யூரோ மிச்சமாவது சின்ன விஷயம் இல்லை.

இத்தாலியில் இன்னும் தெளிவாகத் தெரியும். வின்ட், த்ரீ இரண்டும் சேர 2016 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய ஆணையம் அனுமதி கொடுத்தது, ஆனால் புதிதாக நான்காவது ஆள் வர வேண்டும் என்ற நிபந்தனையோடு. வந்தது ஃப்ரீயின் தாய் நிறுவனமான இலியாட். 2018 மே 29 அன்று 5.99 யூரோவுக்கு 30 ஜிபி. ஐம்பது நாளில் பத்து லட்சம் பேர் சேர்ந்தார்கள்.

அக்டோபர் 20

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். மலிவு மட்டும் போதும் என்று நான் சொல்வதுபோல ஒலிக்கிறது, அது என் கருத்தில்லை. இத்தாலிக்கு இன்னொரு பாதி உண்டு. அதே 2018இல் அரசு 5ஜி ஏலம் விட்டு சுமார் 650 கோடி யூரோ அள்ளியது. எதிர்பார்த்தது 250 கோடி. டெலிகாம் இத்தாலியாவும் வோடஃபோனும் ஒரே பட்டைக்காகத் தலா 160 கோடிக்கு மேல் கொடுத்தன. ஒரு கையில் விலை சரிகிறது, மறு கையில் அரசு ஏலத்தில் பிடுங்குகிறது. பிறகு டெலிகாம் இத்தாலியா தன் நிலத்தடி நெட்வொர்க்கையே 2024 ஜூலையில் கேகேஆர் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. வோடஃபோன் தன் இத்தாலியத் தொழிலை 800 கோடி யூரோவுக்கு சுவிஸ்காமிடம் கொடுத்துவிட்டு வெளியேறியது.

ஆக, பணம் போதவில்லை என்று நிறுவனங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதற்குக் காரணம் போட்டி மட்டும்தான் என்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

ஜெர்மனியின் பழைய கதையும் இங்கே வர வேண்டும். 2000 ஆகஸ்டில் மைன்ஸ் நகரில் 3ஜி ஏலம். ஆறு நிறுவனங்கள் சேர்ந்து கட்டிய தொகை 5,080 கோடி யூரோ. அதில் மொபில்காமும் குவாமும் நெட்வொர்க் நடத்தி நிலைக்கவே இல்லை. அந்தப் பணம் அரசின் கடன் அடைக்கப் போனது. ஒரு டவர்கூட அதனால் எழவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் மூத்த பொறியாளர்கள் அந்தத் தொகையைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள்.

மாற்று வழி இருந்தது. 2018 ஜனவரியில் பிரான்ஸ் ஓர் உடன்பாடு போட்டது. உரிமங்களை ஏலம் விடாமல் பத்தாண்டு நீட்டிக்கிறோம், பதிலுக்கு நான்கு பேரும் சிக்னல் இல்லாத கிராமங்களில் டவர் கட்ட வேண்டும், ஒவ்வொருவரும் 5,000 இடங்கள்வரை. பணமாக வாங்காமல் டவராக வாங்கினார்கள். ஜெர்மனியும் 2025 மார்ச்சில் ஏலம் விடாமல் ஐந்தாண்டு நீட்டிப்புக் கொடுத்து, அதோடு கிராமப்புறக் கவரேஜ் நிபந்தனைகளை விதித்திருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த ஒரு மாற்றத்துக்கு ஐரோப்பிய மொபைல் சந்தையில் எந்தப் பெரிய நிறுவன இணைப்பையும்விட அதிக பலன் உண்டு.

அக்டோபர் 25

ஃபைபர், அதாவது வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் கண்ணாடி இழைக் கேபிள் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். இதில்தான் எனக்கு ஆற்றாமை அதிகம், நீளமாக எழுதுகிறேன்.

ஸ்பெயினைப் பாருங்கள். டெலிஃபோனிகா நூறாண்டுத் தாமிரக் கம்பி நெட்வொர்க்கை 2025இல் முழுதாக மூடிவிட்டது. ஐரோப்பாவின் பெரிய நாடுகளில் இதை முதலில் முடித்தது ஸ்பெயின்தான். ஜெர்மனியைவிடப் பணக்கார நாடா ஸ்பெயின்? இல்லை. இரண்டு காரணம். மக்கள் அடுக்குமாடிகளில் நெருக்கமாக வாழ்கிறார்கள், ஒரு கேபிள் ஒரு கட்டடத்துக்குள் போனால் முப்பது வீடு கிடைக்கும். அதைவிட முக்கியம், டெலிஃபோனிகாவின் நிலத்தடிக் குழாய்களைப் போட்டியாளர்களும் வாடகைக்குப் பயன்படுத்தலாம் என்று 2009 வாக்கிலேயே விதி வந்தது. ஃபைபர் செலவில் பெரும்பகுதி கண்ணாடி இழைக்கு ஆவதில்லை, பள்ளம் தோண்டுவதற்கும் அதை மூடித் தார் போடுவதற்கும்தான் ஆகிறது. குழாய் ஏற்கெனவே இருந்தால், அதில் நுழைய அனுமதியும் இருந்தால், பாதிக் கதை முடிந்தது.

ஜெர்மனி வேறு பாதையில் போனது. பழைய டெலிஃபோன் கம்பியையே வேகப்படுத்தும் தொழில்நுட்பத்தில் வருடக்கணக்காக முதலீடு செய்தார்கள். அப்போதைக்கு 50, 100 எம்பிபிஎஸ் கிடைத்தது, மக்களும் போதும் என்றார்கள். அதன் விலையை இப்போது கொடுக்கிறோம். ஃபைபர் தெருவரை வந்த வீடுகளிலும் கனெக்‌ஷன் எடுத்தவர்கள் பாதிக்கும் கீழே. பழைய கம்பி ஓடிக்கொண்டிருக்கும்வரை ஏன் மாற வேண்டும் என்று அண்டைவீட்டுப் பெரியவர் என்னிடமே கேட்டார்.

என் தெருவில் ஒரு நிறுவனம் ஃபைபர் தருகிறேன் என்று கையெழுத்து வாங்கிப்போனது. பிறகு நடைபாதையைத் தோண்டியது, மூடியது, ஆரஞ்சு நிறக் குழாய் ஒன்று சுவரோரம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. கேபிள் வரவில்லை. சில மாதம் கழித்து வேறொரு நிறுவனம் வந்து அதே நடைபாதையை மறுபடி தோண்டியது. இரண்டு நிறுவனங்களின் பணமும் ஒரே மண்ணில் போனது. முதலீட்டுக்குப் பணம் இல்லை என்று சொல்லும் துறையில் இதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. குழாயைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லும் உறுதியான விதி இருந்தால் அந்தப் பணத்தில் பக்கத்துக் கிராமத்துக்கும் கேபிள் போயிருக்கும்.

அக்டோபர் 26

ருமேனியாவை விட்டுவிட்டீர்களே என்று ஒருவர். வைத்திருந்தேன்! தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே மாணவர்களும் அக்கம்பக்கத்துக்காரர்களும் ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்குத் தாங்களே கேபிள் இழுத்து சின்னச் சின்ன நெட்வொர்க் அமைத்தார்கள். தெருவெல்லாம் சிலந்தி வலை. அவற்றை நிறுவனங்கள் வாங்கிச் சேர்த்து ஃபைபராக்கின. முதன்மையானது டிஜி. பழைய தாமிரம் அங்கே பலமாக இல்லாததே நன்மையாகிவிட்டது. அந்த டிஜி இப்போது ஸ்பெயினில் வேகமாக வளர்கிறது, 2024 நவம்பரில் போர்ச்சுகலிலும் டிசம்பரில் பெல்ஜியத்திலும் இறங்கியது. பெல்ஜியத்தில் இறங்கியபோது மொபைல் 5 யூரோவிலிருந்து, ஃபைபர் 10 யூரோவிலிருந்து. இதுவரை கிழக்கே போய் வாங்கிக்கொண்டிருந்தது மேற்கு. ஒரு கிழக்கு நிறுவனம் மேற்கே வந்து விலையை உடைப்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

நவம்பர் 5

நேற்று டெலிஃபோனிகா புதிய திட்டத்தை வெளியிட்டது. 2026க்கான டிவிடெண்ட் பங்குக்கு 0.30 யூரோவிலிருந்து 0.15 ஆகிறது. பங்கு விலை ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. ஐரோப்பாவுக்குள் நிறுவனங்களை வாங்கிச் சேர்ப்பதுதான் இலக்கு என்கிறார் தலைவர் மார்க் முர்த்ரா. அதற்காகவே அர்ஜென்டினா, பெரு, கொலம்பியா எல்லாவற்றிலிருந்தும் வெளியேறி வருகிறார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பத்தாண்டுகளாக இந்தத் துறையின் பங்குகளை மக்கள் டிவிடெண்டுக்காகவே வைத்திருந்தார்கள். வருடாவருடம் முதலீட்டாளர்களுக்குப் பணம் போய்க்கொண்டே இருந்தது, அதே மேடையில் முதலீட்டுக்குப் பணம் இல்லை என்ற பேச்சும் நடந்தது. டிவிடெண்டைக் குறைத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அந்தப் பணம் நெட்வொர்க்குக்குப் போகிறதா, அடுத்த நிறுவனத்தை வாங்கவா என்று பார்க்க வேண்டும்.

உரிமையாளர்களும் மாறிவிட்டார்கள். டெலிஃபோனிகாவில் ஸ்பெயின் அரசுக்குப் பத்து சதவீதம், சவுதியின் தொலைத்தொடர்பு நிறுவனமான எஸ்.டி.சி.க்கும் ஏறக்குறைய அதே அளவு. வோடஃபோனின் பெரிய பங்குதாரர் அபுதாபியின் இ&. டவர்களைப் பல நிறுவனங்கள் முதலீட்டு நிதிகளுக்கு விற்று இப்போது வாடகை கட்டுகின்றன.

நவம்பர் 9

லைக்கா, லெபாரா என்ற மலிவு சிம் நிறுவனங்கள் பற்றி எழுதச் சொல்லி அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார். எழுதியே ஆக வேண்டும். இலங்கைத் தமிழர்கள் மூவர் தொடங்கிய லெபாராவின் பெயரே அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தது. லைக்காமொபைலை சுபாஸ்கரன் அல்லிராஜா 2006இல் தொடங்கினார். இரண்டுமே சொந்த டவர் இல்லாமல் பெரிய நிறுவனங்களிடம் மொத்தமாக நிமிடங்களை வாங்கி, ஊருக்குப் பேச நினைக்கும் புலம்பெயர்ந்தோருக்கு விற்றவை. காலிங் கார்டுக்குப் பதிலாக அந்த சிம் வந்தபோது பாரிஸின் லா ஷப்பல் கடைகளிலும் லண்டன் ஈஸ்ட்ஹாமிலும் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

வாட்ஸ்அப் வந்ததும் வெளிநாட்டு அழைப்பில் இருந்த லாபம் போய்விட்டது. இன்று இத்தகைய நிறுவனங்கள் வாழ்வது மலிவு டேட்டாவில். அந்த டேட்டாவை மொத்த விலைக்கு விற்பவர்கள் மூன்றே பேராகிவிட்டால், நம் கடைக்கார அண்ணன் கையில் வைத்திருக்கும் சிம்மின் விலையும் அவர்கள் தயவில்தான். நான்கா மூன்றா என்ற வாதம் நம் வீட்டுக்குள் வரும் இடம் இது.

நவம்பர் 22

"கூகுளும் நெட்ஃபிளிக்ஸும் நெட்வொர்க்குக்குப் பணம் கட்டினால் தீர்ந்தது" என்ற கருத்துக்கு. 2023இல் பிரஸ்ஸல்ஸ் இதைப் பற்றிக் கருத்துக் கேட்டபோது பதில் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். தென்கொரியாவில் இப்படிப்பட்ட கட்டண முறை இருக்கிறது, செலவு தாங்கவில்லை என்று ட்விட்ச் என்ற நேரலை வீடியோ தளம் 2024 பிப்ரவரியில் அங்கிருந்து வெளியேறியது. இங்கேயும் ஒரு முன்னோட்டம் நடந்தது. மெட்டா சுமார் 2 கோடி யூரோ கட்ட வேண்டும் என்று டாய்ச் டெலிகாம் தொடுத்த வழக்கில் கொலோன் நீதிமன்றம் 2024 மே மாதம் டெலிகாமுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. மெட்டா நேரடி இணைப்பைத் துண்டித்து மூன்றாவது நிறுவனம் வழியாகப் போக்குவரத்தைத் திருப்பியது.

அந்த வீடியோவைக் கேட்டது நாம். கேட்டதற்கு மாதாமாதம் பணமும் கட்டுகிறோம். அதே பைட்டுக்கு இரண்டாவது முறை கட்டணம் வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நவம்பர் 30

பிரிட்டனில் நடந்ததைக் கேட்டவருக்கு. வோடஃபோனும் த்ரீயும் சேர 2024 டிசம்பரில் அனுமதி கிடைத்தது, 2025 மே 31 அன்று ஒன்றாகின. பத்தாண்டில் 1,100 கோடி பவுண்டு முதலீடு என்பது வாக்குறுதி. நான்காவது நிறுவனத்தை உருவாக்கச் சொல்லாமல், நெட்வொர்க் கட்டும் திட்டத்தையே சட்டப்படி கட்டாயமாக்கி, சில திட்டங்களின் விலைக்கு மூன்றாண்டு வரம்பும் போட்டார்கள். பாரிஸும் மாட்ரிட்டும் இதைக் கூர்ந்து பார்க்கின்றன. நானும்தான். ஒரு நிறுவனம் சொன்ன டவர்களைக் கட்டியதா என்று எண்ணிவிடலாம். போட்டி இருந்திருந்தால் விலை எவ்வளவு இறங்கியிருக்கும் என்பதை யாரும் எண்ண முடியாது. அதனால் இந்த மாதிரி நிபந்தனைகள் வெற்றி என்று பத்தாண்டு கழித்து அறிவிக்கப்படும் வாய்ப்பு அதிகம்.

டிசம்பர் 3

இதுவரை யாரும் தொடாத ஒன்று. 2021 ஜூலையில் ஜெர்மனியின் ஆர் நதிப் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்தபோது டவர்கள் விழுந்து, மின்சாரம் போய், எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அதன் பிறகுதான் எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை அனுப்பும் முறை 2023 பிப்ரவரியில் ஜெர்மனிக்கு வந்தது. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மின்சாரம் போனபோது, சில மணி நேரத்தில் டவர் பேட்டரிகள் தீர்ந்து மொபைலும் படுத்தது. நான் ரேடியோ நெட்வொர்க் திட்டமிடும் வேலை செய்பவன். செலவைக் குறைக்கும் கூட்டத்தில் பேட்டரித் திறன் எவ்வளவு எளிதாகக் கைவிடப்படுகிறது என்று பார்த்திருக்கிறேன். ஒரே ஊரில் இரண்டு தனி நெட்வொர்க் இருந்தால் ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்க வாய்ப்புண்டு. இரண்டையும் ஒரே டவரில் சேர்த்தால் அதுவும் இல்லை. நிறுவன இணைப்புக்கு நிபந்தனை எழுதுபவர்கள் விலையோடு இதையும் எழுத வேண்டும்.

டிசம்பர் 7

"சரி, அடுத்து என்ன?" என்று பலர்.

டிஜிட்டல் நெட்வொர்க்ஸ் ஆக்ட் என்ற புதிய ஐரோப்பிய சட்ட முன்மொழிவு இந்த மாதம் வருவதாக இருந்தது, ஜனவரிக்குத் தள்ளியிருக்கிறார்கள். வந்தாலும் நாடாளுமன்றமும் உறுப்பு நாடுகளும் பேசி முடிக்க வருடங்கள் ஆகும். அலைக்கற்றை உரிமத்தின் காலத்தை நீட்டிப்பதற்கு நாடுகள் எதிர்ப்புக் காட்டும், ஏலப் பணத்தை எந்த நிதியமைச்சரும் எளிதில் விடமாட்டார். தாமிரத்தை மூடத் தேதி வைப்பதற்கு ஜெர்மனியில் பெரிய இழுபறி வரும்.

எஸ்.எஃப்.ஆர் ஏதோ ஒரு விலையில் போய்விடும் என்றே நினைக்கிறேன், கடன் சுமை அப்படி. பிரான்ஸ் மூன்றாகும். அங்கே விலை ஏறினால் மற்ற நாடுகளில் கோரிக்கை இன்னும் பலமாகும். ஜெர்மனியில் 1&1 எவ்வளவு காலம் தனியாக நிற்கும் என்பது அடுத்த கேள்வி. 2019 ஏலத்தில் அலைக்கற்றை வாங்கி, 2023 டிசம்பரில்தான் தன் மொபைல் நெட்வொர்க்கைத் தொடங்கியது. தன் டவர் இல்லாத இடங்களில் வோடஃபோனை நம்பியிருக்கிறது.

சீன நிறுவனமான ஹுவாவேயின் கருவிகளை அகற்றும் விவகாரமும் செலவைக் கூட்டும். ஜெர்மனியில் 2026 முடிவுக்குள் அவற்றை 5ஜி நெட்வொர்க்கின் மையப் பகுதியிலிருந்து அகற்ற வேண்டும், டவர்ப் பகுதியின் மேலாண்மை மென்பொருளில் 2029 முடிவுக்குள். எங்கள் துறையில் அடுத்த சில வருட வேலை அங்கேதான்.

டிசம்பர் 9

முதுகலை படிக்க வரும் தங்கைக்கு: இந்தத் துறை செத்துவிட்டதா என்று கேட்டீர்கள். பிரிட்டனின் பிடி நிறுவனம் 2030க்குள் 40,000 முதல் 55,000 வேலைகளைக் குறைப்பதாக 2023இல் அறிவித்தது, வோடஃபோன் அதே மாதம் 11,000 என்றது. பயமுறுத்தும் எண்கள்தான். போவது பெரும்பாலும் பழைய நெட்வொர்க் பராமரிப்பு, அழைப்பு மையம், ஃபைபர் போட்டு முடித்த பிறகு தேவைப்படாத களப்பணி. ரேடியோ, கிளவுட், பாதுகாப்பு இவற்றில் ஆள் தேடுகிறார்கள். ஜெர்மனியின் ஆஹன் நகரப் பகுதியில், நெட்வொர்க் கருவிகள் செய்யும் எரிக்சனின் ஆய்வு மையம் இருக்கிறது, அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். அப்புறம், ஜெர்மன் மொழியை முதல் செமஸ்டரிலேயே தொடங்குங்கள். டவர் அனுமதிக்கான நகராட்சிக் கூட்டம் எதுவும் ஆங்கிலத்தில் நடப்பதில்லை, அந்த அறையில் பேசத் தெரிந்த பொறியாளர்களுக்கு இங்கே எப்போதும் தட்டுப்பாடுதான்.